மார்கழிக்கு எந்த எண்ணெய்

எங்கள் வீட்டில் நடந்த சண்டைகளில் பாதி எண்ணெய்யைப் பற்றியது. சமையல் எண்ணெய் அல்ல, மோட்டார் எண்ணெய். கிணற்றடியில் மற்ற பெண்கள் புருஷன் குடிக்கிறான், மாமியார் குத்திக் காட்டுகிறாள் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் போய், "எங்க வூட்டுக்காரரு கெட்டி எண்ணெய்தான் ஊத்துவேன்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு" என்று சொன்னால் அவர்களுக்கு என்ன புரியும்? வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

அப்போது நாங்கள் ஆம்பூரில் இருந்தோம். நான் வேலூரில் பிரசவம் பார்க்கப் படித்துவிட்டு வந்து, மிஷன் மருந்தகத்தில் வேலையில் இருந்தேன். என் கணவர் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பு முதலாளியின் டிரைவர். டிரைவர் ஆவதற்கு முன் அதே ஷாப்பில் பதினோரு வருஷம் எண்ணெய்த் தொட்டியில் நின்றவர். ஆவாரம் பட்டைத் தண்ணீரில் ஊறி, கடுக்காயில் ஊறி வெளியே வருகிற தோலுக்குப் புங்க எண்ணெய் தடவுகிற வேலை. அதனால் எந்த எண்ணெய்யைக் கண்டாலும் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சொட்டு வைத்துத் தேய்ப்பார். பிறகு மெதுவாக விரல்களைப் பிரிப்பார். நடுவில் இழை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார். என் தலையில் எண்ணெய் வைக்கும்போதுகூட அப்படிச் செய்திருக்கிறார். நான் சீப்பால் அடித்திருக்கிறேன்.

முதலாளி புது வண்டி வாங்கியதும் பழைய வண்டி ஷாப்பு முற்றத்துப் புளியமரத்தடிக்கு வந்துவிட்டது. துணிக்கூரையும் ரப்பர் பந்து ஹாரனும் உள்ள நீளமான வண்டி. யாரோ ஒரு துரை ஓட்டிச் சலித்து விற்றது, அதற்குப் பிறகு முதலாளி ஓட்டிச் சலித்தது. ஓடும்போது உள்ளே எங்கேயோ ஒருவர் உட்கார்ந்து பாக்கு இடிப்பது போலச் சத்தம் வரும். பின்னால் நீலப் புகை. ஆனால் அந்த வண்டியில் ஏறினால் எனக்கு ஒரு சொக்கு வரும். கண் திறந்திருக்கும், ஆள் தூங்கிக்கொண்டிருப்பேன். பாலாற்று மணல் ஒரு பக்கம் வெளுத்துக் கிடக்கும். கயிறுகளில் காயும் தோல்கள் காற்றில் ஒன்றாக ஆடும். பட்டையும் சுண்ணாம்பும் கலந்த அந்த வாசம், வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்ளும் வாசம், எனக்குத் தாலாட்டாகவே இருந்தது. பாக்கு இடிக்கிற சத்தத்தில் பல தடவை நான் என் அம்மா வீட்டுக்கே போய்விட்டு வந்திருக்கிறேன்.

"அவசரத்துக்கு எடுத்துக்கோ" என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்த வருஷம் எங்களுக்கு ஓர் அவசரம் வரப்போகிறது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். அதற்கு மாதமும் தெரியும். மார்கழி.

என் அக்காவை அணைக்கட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் கொடுத்திருந்தது. அவளுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இரண்டு தடவையும் வலி நீண்டு, கடைசியில் மாட்டு வண்டி கட்டி வேலூருக்குக் கிளம்பி, வழியிலேயே எல்லாம் முடிந்துபோனது. மூன்றாவது உண்டானபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தத் தபா நீ வரணும். மாட்டு வண்டியில என்னை ஏத்தாதே" என்றாள். முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம் என்று நான் சொன்னதற்கு அவள் மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. வலி வராமல் ஒரு பெண்ணை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைப்பது அந்தம்மாளுக்கு அபசகுனம். ஆகவே வலி எடுத்ததும் ஆள் வரும், நாங்கள் மோட்டாரோடு போவோம் என்று பேசி முடித்தோம். நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் எண்ணெய்ச் சண்டை முற்றியது.

எண்ணெய் மூன்று விதமான டின்னில் வந்தது. மெல்லிசு, நடுத்தரம், கெட்டி. வேலூர் வெயிலில் மெல்லிய எண்ணெய் தண்ணீராகிவிடும் என்பார் என் கணவர். தேய்ந்துபோன வண்டியில் இடுக்குகள் ஜாஸ்தி, மெல்லிய எண்ணெய் அந்த இடுக்கு வழியாக மேலே ஏறிப் புகையாகப் போய்விடும். கெட்டி எண்ணெய் ஊற்றினால் இடுக்கை அடைத்துக்கொண்டு நிற்கும், பாக்கு இடிக்கிற சத்தமும் கம்மியாகும். சித்திரை முழுக்க அவர் சொன்னதுதான் நடந்தது. வண்டி வாயை மூடிக்கொண்டு ஓடியது.

"மார்கழி விடியக்காலையில அந்தக் கெட்டி எண்ணெய் எழுந்திரிக்குமா?" என்று நான் ஆடியிலேயே கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

"மார்கழி வரட்டும்மே."

"பிள்ளை வந்தப்புறம் எண்ணெய் மாத்துவீங்களா?"

"உனக்கு இன்னா தெரியும் எண்ணெய்யைப் பத்தி?"

எனக்கு எண்ணெய்யைப் பற்றித் தெரியாது. அக்காவைப் பற்றித் தெரியும். புரட்டாசியில் கேட்டேன், ஐப்பசியில் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுக் கேட்டேன், கார்த்திகையில் அவரோடு பேச்சையே நிறுத்தினேன். நாலு நாள் தாங்கினார். ஐந்தாம் நாள் பழைய எண்ணெய்யை வடித்துவிட்டு நடுத்தர எண்ணெய்யை ஊற்றினார். ஊற்றுவதற்கு முன் ஒரு சொட்டை விரலில் வைத்துத் தேய்த்து, இழையை வெளிச்சத்தில் பிடித்து, "இது போதும். குளிருக்கும் ஓடும், தேஞ்ச வண்டிக்கும் தாங்கும்" என்றார். இன்றைக்குச் சொல்கிறேன், அவர் எடுத்த முடிவு மிகச் சரியானது. இதை நான் அவரிடம் சொல்ல வருஷங்கள் ஆயின.

அதற்குப் பிறகுதான் நான் என் வேலையைக் காட்டினேன்.

மார்கழி பிறப்பதற்குச் சில நாள் முன்னால் அவர் முதலாளியின் சரக்கோடு வாணியம்பாடிப் பக்கம் போயிருந்தார். முந்தின நாள்தான் பழைய வண்டியைப் பட்டை மண்டி வரைக்கும் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தியிருந்தார். புகை கொஞ்சம் கூடுதலாக வந்தது, என்ஜின் மூடியைத் தொட்டால் கை சுட்டது, நானே தொட்டுப் பார்த்தேன். மறுநாள் மருந்தகம் முடிந்து வரும்போது மனசு கேட்கவில்லை. முற்றத்துக்குள் போய், அவர் செய்வது போலவே அளவுக் குச்சியை உருவிப் பார்த்தேன். கோட்டுக்குக் கீழே ஒரு விரல் இறங்கியிருந்தது. எண்ணெய் டின் இருந்த அறையின் சாவி அவர் இடுப்பில்.

எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளைக்குச் சூடு கண்டால் முதலில் கை போவது விளக்கெண்ணெய்க்குத்தான். உச்சியில் வைப்போம், தொப்புளில் வைப்போம், உள்ளங்காலில் தேய்ப்போம். நானும் படித்தவள்தான், வெள்ளைப் புடவை கட்டினவள்தான். ஆனாலும் நெற்றி சுட்டால் என் கை விளக்கெண்ணெய்யைத்தான் தேடும். இந்த வண்டிக்கும் சூடுதானே? எண்ணெய்யும் குறைகிறதே? விளக்கெண்ணெய் குளிர்ச்சி, வழவழப்பு. நல்லதைத்தான் செய்கிறோம் என்று நினைத்தேன். வீட்டிலிருந்த பெரிய பாட்டிலைக் கொண்டுவந்து ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஊற்றினேன். கோடு சரியாக நின்றது. மூடியை முந்தானையால் துடைத்துவிட்டு வந்தேன். வெட்கம்கெட்ட கதை, அன்றைக்கு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் "உனக்கு இன்னா தெரியும் எண்ணெய்யைப் பத்தி?" என்று கேட்டிருப்பார். அதை இன்னொரு தடவை கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் காரணம்.

மார்கழி பிறந்து சில நாள் ஆகியும் அந்த வண்டியைக் கிளப்ப வேலை வரவில்லை. அக்காவின் கணவர் மிதிவண்டியில் வந்து எங்கள் கதவைத் தட்டியபோது வானம் இன்னும் சாம்பல் நிறத்தில் இருந்தது. அவ்வளவு தூரம் பனியில் மிதித்து வந்ததில் அவர் மீசையெல்லாம் ஈரம். "வலி எடுத்துடுச்சு. மாட்டு வண்டி வேணாம், மோட்டார் வரட்டும்னு காத்துக்கினு இருக்கா" என்றார். நான் பையை எடுத்துக்கொண்டேன். மூன்று பேரும் முற்றத்துக்கு ஓடினோம்.

அந்த விடியற்காலை இன்னும் எனக்கு முழுசாக நிஜம் போலத் தோன்றுவதில்லை. பனி புளியமரத்தின் பாதி உயரத்துக்கு நின்றது. காயப்போட்ட தோல்கள் கயிறு இல்லாமல் தாமாகவே காற்றில் நிற்பதுபோலத் தெரிந்தன. எங்கேயோ பஜனைக்காரர்களின் தாளம் கேட்டு, நின்று, மறுபடியும் கேட்டது. அதற்கு நடுவில் என் கணவர் வண்டியின் முன்னால் குனிந்து, என்ஜினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுற்றினார். அது சுற்றவில்லை. தோளைக் கொடுத்தார். கைப்பிடி கால் வட்டம் வந்து, சேற்றில் மாட்டிய கால் போல நின்றுவிட்டது. அக்காவின் கணவரும் வந்து பிடித்தார். ம்ஹூம்.

"இன்னா சகலை, இன்னா ஆச்சு?"

அவர் வண்டியின் அடியில் தகரத் தட்டை வைத்துப் படுத்தார். அடி மூடியைக் கழற்றினார். எண்ணெய் விழ வேண்டும். விழவில்லை. ஒரு நிமிஷம் கழித்து, வெல்லப் பாகு இறங்குவதுபோலத் தடியாக, மஞ்சளாக ஒன்று மெதுவாக இறங்கியது. அதற்குப் பிறகுதான் கறுப்பு எண்ணெய் வந்தது. இரண்டும் தட்டில் ஒட்டாமல் தனித்தனியாகக் கிடந்தன. படிப்பில்லாத பிள்ளைக்குக்கூட அந்த மஞ்சள் எதுவென்று தெரியும்.

அவர் வெளியே வந்தார். வழக்கம் போல ஒரு சொட்டை விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார். பிரித்தார். இழை அறுபடவே இல்லை. பிறகு விரலை மூக்கருகே கொண்டுபோனார். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பனியில் நேரத்துக்கு அளவு இல்லை. நான் வாயைத் திறந்தேன்.

"என் தப்பு அண்ணே" என்று அவர் அக்காவின் கணவர் பக்கம் திரும்பிச் சொன்னார். "குளிருக்குத் தப்பான எண்ணெய் ஊத்திட்டேன்."

"அறிவிருக்காய்யா உனக்கு? ரெண்டு புள்ளைய வாரிக் குடுத்துட்டு உன்னை நம்பி உக்காந்துக்கினு இருக்கா அவ!"

"ஆமாண்ணே."

நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தையும் வீணாக்கவில்லை. குளிர் மாதத்தில் தோல் எண்ணெய் குடிக்காது, எண்ணெய்யைக் காய்ச்சித்தான் தடவ வேண்டும். அதற்கென்று ஷாப்பின் ஓரத்தில் ஓர் அடுப்பு உண்டு. அதில் கரி போட்டு ஊதச் சொன்னார், நான் ஊதினேன். கோடையில் மிஞ்சிய கெட்டி எண்ணெய் மட்டும்தான் டின்னில் இருந்தது. புங்க எண்ணெய் காய்ச்சும் சட்டியில் அதை ஊற்றிச் சூடாக்கினார். தொட்டுப் பார்த்தார், போதவில்லை என்று தலையாட்டினார், மறுபடி தொட்டார். நடுவில் என்ஜின் வாய்களைத் திறந்து மண்ணெண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கைப்பிடியை முன்னும் பின்னும் அசைத்துப் பிசினை இளக்கினார். பழைய எண்ணெய் முழுக்க வடிய வேண்டும், கழுவ வேண்டும், புதிது காய வேண்டும். அக்காவின் கணவர் முற்றத்தில் நடந்துகொண்டே இருந்தார். சூடான எண்ணெய் உள்ளே போனதும் என்ஜின் மூன்றாவது சுற்றில் இருமி, புகை கக்கி, பிடித்துக்கொண்டது. அதற்குள் தோல்களுக்குக் கயிறுகள் தெரிய ஆரம்பித்துவிட்டன. ஒன்றரை மணி நேரம் போயிருந்தது.

பள்ளிகொண்டா வரைக்கும் சாலையின் இரண்டு பக்கமும் ஆவாரம் பூத்திருந்தது. பனிக்குள்ளிருந்து மஞ்சள் வரும், போகும், மறுபடி வரும். எனக்கு எங்கே பார்த்தாலும் அந்தத் தட்டில் இறங்கிய மஞ்சள்தான் தெரிந்தது. பாக்கு இடிக்கிற சத்தம் ஒருவர் பெயரைச் சொல்லித் திட்டுவதுபோலக் கேட்டது. அன்றைக்கு மட்டும் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏசப்பா, ஏசப்பா என்று சொல்லிக்கொண்டே போனேன்.

நாங்கள் போய் இறங்கியபோது பிள்ளை பிறந்து சில நிமிஷம் ஆகியிருந்தது. பெண். கொடி கழுத்தில் சுற்றி, நீலம் பாய்ந்து, சத்தமில்லாமல் வந்ததால் முறத்தில் போட்டு ஓரமாக வைத்திருந்தார்கள். அக்கா என்னைப் பார்த்து, "வந்துட்டியா" என்று மட்டும் கேட்டாள். நான் முறத்தைப் பிடுங்கினேன். வாயைத் துடைத்தேன், ஊதினேன், முதுகைத் தேய்த்தேன், மறுபடி ஊதினேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. பூனைக்குட்டி போல ஒரு சத்தம் வந்தது. பிறகு நல்ல சத்தம் வந்தது.

அக்காவுக்கு ரத்தம் நிற்கவில்லை. அதே வண்டியில் அவளையும் பிள்ளையையும் படுக்க வைத்து வேலூருக்குப் போனோம். வழியெல்லாம் வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் அவளைப் பிழைக்க வைத்தார்கள். ஆனால் இன்னொரு பிள்ளை இவள் உடம்புக்கு ஆகாது என்று டாக்டரம்மா தீர்த்துச் சொல்லிவிட்டார். நேரத்தோடு வந்திருந்தால், என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து அவர் நிறுத்திக்கொண்டார்.

அந்த நாளிலிருந்து அக்கா வீட்டில் என் கணவருக்கு ஒரு பட்டம் கிடைத்தது. எண்ணெய்க்காரர். ஒவ்வொரு மார்கழியிலும் பிள்ளையின் பிறந்த நாளுக்கு நாங்கள் போவோம். இலை போட்டதும் யாராவது ஒருவர், "எண்ணெய்க்காரருக்கு நெய் ஊத்துங்க, நெய்யாவது சரியா இருக்கட்டும்" என்று ஆரம்பிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். அக்காவின் மாமியார் மட்டும் சிரிக்கமாட்டார். பேரன் இல்லாத குறையை யார்மேலாவது இறக்கி வைக்க வேண்டுமே. நான் அடுக்களையில் நின்று பாத்திரத்தை உருட்டுவேன். ஒவ்வொரு வருஷமும் இந்த வருஷம் சொல்லிவிட வேண்டும் என்று போவேன், பாத்திரத்தை உருட்டிவிட்டு வருவேன்.

பிள்ளைக்கு ஏழு வயதான வருஷம். பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் பாடமாகிவிட்டது. புதுப் பாவாடையோடு வந்து அவர் தோளில் தொங்கிக்கொண்டு, "சித்தப்பா, நான் பொறக்கறப்ப எந்த எண்ணெய் ஊத்துன?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். மாமியார் சுவரைப் பார்த்துக்கொண்டு, "எங்க வூட்டு விளக்கை அணைச்ச எண்ணெய்" என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் குனிந்து சோற்றைப் பிசைந்தார். எனக்குள் ஏழு வருஷமாக உறைந்து கிடந்தது அப்போதுதான் இளகியது.

"அவரு ஊத்தலை. நான்தான் ஊத்துனேன்" என்றேன். கையில் ரசக் கரண்டி. "வெளக்கெண்ணெய். வண்டிக்குச் சூடுன்னு நெனைச்சு, அவரு இல்லாதப்ப, ஒரு பாட்டில் முழுக்க நான்தான் ஊத்துனேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் தலை நிமிர்ந்தார். அந்தப் பனியில் பார்த்த அதே பார்வை. பிறகு சிரித்தார்.

"அவ அப்படித்தான். என்னை யாராச்சும் ஒண்ணு சொன்னா தாங்கமாட்டா. மோட்டார்ல யாராச்சும் வெளக்கெண்ணெய் ஊத்துவாங்களா? படிச்சவ வேற."

அவ்வளவுதான். வீடே மறுபடி சிரித்தது. "புருஷனை எப்படிக் காப்பாத்தறா பாரு" என்று மாமியார்கூடச் சொன்னார், கொஞ்சம் பிரியமாகவே. ரசம் எல்லா இலைக்கும் போனது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த கரண்டியை மெதுவாக வாங்கிக்கொண்டாள், என் விரலை ஒரு தடவை அழுத்தினாள், பரிமாறப் போய்விட்டாள்.

சாயங்காலம் திரும்பி வரும்போது அதே வண்டிதான், அதே பாக்குச் சத்தம்தான். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியிருந்தது.

"ஏன் பொய் சொன்னீங்க? ஏழு வருஷமா எதுக்கு இந்தப் பேஜாரு உங்களுக்கு?"

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். ஆவாரம் பூக்கள் வெயிலில் ஓடின.

"இந்தப் பக்கம் பூரா எத்தினி பொம்பளைங்க உன் கையை நம்பிப் படுக்கறாங்க. என் எண்ணெய்யை நம்பலைன்னா வண்டி நிக்கும். நடந்து போய்ப்பாங்க. உன் கையை நம்பலைன்னா இன்னாமே பண்ணுவாங்க?"

ஹாரனை ஒரு தடவை அமுக்கினார். முன்னால் போன பட்டை வண்டி ஓரம் கட்டியது.

ஆம்பூர் வரும்வரைக்கும் மடியில் கிடந்த என் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே வந்தேன்.